நாய்க்குட்டி வாங்குமுன் உங்கள் ஷிப்ட்டைப் பாருங்கள்!

போன மாதம் ஒரு நாள். இரவு 10 மணி. ஓசூர் பஸ் நிலையம்.

பெங்களூர் பஸ்கள் வந்து நிற்கும் பக்கம் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. தெரு நாய் அல்ல. பொன்னிற ரோமம். நீளத் தொங்கு காது. கழுத்தில் சிவப்புப் பட்டை. பஸ்சை விட்டு இறங்குகிற ஒவ்வொருவர் காலையும் ஓடிப்போய் மோந்து பார்த்தது. தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மூணு நாளா இங்கயேதான் சார் கிடக்குது. யாரோ கார்ல வந்து எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. பிஸ்கட் போட்டா திங்குது. ஆனா கண்ணு மட்டும் ரோட்டு மேலயேதான்!"

குனிந்து காதைத் தூக்கிப் பார்த்தேன். குப்பென்று நாற்றம். உள்ளே சீழ்.

அது காக்கர் ஸ்பானியல். ஆசை ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய நாய். அலுத்துப் போனதும் அனாதை!

கொலை, கொள்ளை, லாரி விபத்து என்று எழுதுகிறவனுக்கு நாய் எதற்கு என்று கேட்பீர்கள். இதுவும் குற்றச் செய்திதான், அய்யா. பட்டினி கிடந்து தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகும். இந்தச் சட்டத்துக்கு யார் பயப்படுவார்கள்?

சட்டம் காப்பாற்றாது. வாங்குமுன் நாம் யோசித்தால்தான் உண்டு.

குணம் தங்கம்தான்!

காக்கர் ஸ்பானியல் கெட்ட நாய் என்று நான் சொல்லவில்லை. பெரிய நாயும் அல்ல, கைக்குள் அடங்கும் பொம்மை நாயும் அல்ல. வளர்ந்தால் 12 முதல் 15 கிலோ. குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். வால் ஆட்டினால் உடம்பே ஆடும்.

1952-ல் அமெரிக்காவில் நிக்சன் துணை ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். பண விவகாரத்தில் அவர் மீது புகார் கிளம்பியது. டெலிவிஷனில் தோன்றி விளக்கம் சொன்னவர், ஒருவர் தன் குழந்தைகளுக்கு அனுப்பிய காக்கர் ஸ்பானியலைப் பற்றியும் பேசினார். நாயின் பெயர் செக்கர்ஸ். "யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்" என்றார். ஊரே உருகிவிட்டது. தேர்தலிலும் ஜெயித்தார்!

ஆனால் அந்த நாட்டிலேயே, எல்லோரும் இதே நாயைக் கேட்கவும், வியாபாரிகள் கண்டபடி குட்டி போட வைத்தார்கள். கண் நோய், காது நோய், சிடுசிடு குணம் எல்லாம் பெருகின. நம் நாட்டில் 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியது. உடனே ஊரெல்லாம் பக்! மூச்சு விடத் திணறும் அந்த நாய் நம் வெயிலில் படும் பாட்டை யார் பார்த்தார்கள்?

தனிமை ஆகாது

காக்கர் ஸ்பானியல் அடிப்படையில் வேட்டை நாய். உட்காக் என்ற பறவையைப் புதரிலிருந்து கிளப்பி விடுவதற்காக இங்கிலாந்தில் வளர்த்தார்கள். பெயரும் அதிலிருந்துதான் வந்தது. நாள் முழுவதும் மனிதனை விட்டு அகலாமல் வேலை செய்த ஜாதி. அதனால் இரண்டு விஷயம் அதன் ரத்தத்தில் ஊறியது. ஒன்று, ஓட வேண்டும். இரண்டு, பக்கத்தில் ஆள் வேண்டும்.

நம் ஓசூர் என்ன ஊர்? சிப்காட் ஊர். கணவன் ஏ ஷிப்ட், மனைவி ஜெனரல் ஷிப்ட். பிள்ளை பள்ளிக்கூடம். லைன் வீட்டில் ஒன்றரை அறை. காலையில் பூட்டினால் திறக்க சாயங்காலம் ஆகும்.

எங்கள் தெருவிலேயே இது நடந்தது. மகள் பிறந்தநாளுக்கு ஒருவர் காக்கர் குட்டி வாங்கினார். முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். அப்புறம்? பூட்டிய வீட்டுக்குள் நாள் முழுக்க ஊளை. செருப்பு, பாய், கதவு நிலை எல்லாம் கடி. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போய்விட்டார். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வளர்ந்து, கன்னடத்தில் கைகலப்பில் முடிந்தது சண்டை! நாய் மீது தப்பே இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் "ஆள் எங்கே?" என்று கேட்டது. அவ்வளவுதான்.

வேலை உண்டு

தொங்கு காதுக்குள் காற்று போகாது. நம் ஊர்ச் சாரலில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது காதைப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ரோமத்தைத் தினமும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் சடை விழும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். சாப்பாட்டு ஆசை ஜாஸ்தி, அளவு மீறினால் உடம்பு பெருத்துவிடும். அடித்துப் பழக்கினால் பயந்து கெட்டுவிடும். 12 வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பிளஸ் 2 முடிக்கும் வரை இந்த வேலை இருக்கும்!

வாங்குகிற இடத்திலும் ஜாக்கிரதை. பெங்களூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வரும் குட்டியைப் பஸ் நிலையத்தில் கைமாற்றிக்கொள்ளாதீர்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதி சொல்கிறது. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம். செல்ல நாய்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

யார் வாங்கலாம்?

வீட்டில் தாத்தா பாட்டியோ வேறு யாரோ பகலில் இருக்கிறார்களா? தினமும் ஒரு மணி நேரம் நாய்க்கென்று ஒதுக்க முடியுமா? தாராளமாக வாங்குங்கள். இதைவிடப் பாசமான நாய் கிடைப்பது கஷ்டம்.

வீடு பூட்டியே கிடக்குமா? வேண்டாம். பிள்ளை அழுதால் அழட்டும். அந்த அழுகை இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். பூட்டிய கதவுக்குப் பின்னால் அழுகிற நாய் ஓயாது.

பஸ் நிலையத்து நாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலாம் நாள் டீக்கடைக்காரரே வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். டாக்டரிடம் காட்டிக் காதுக்கு மருந்து போடுகிறார். கடை வருமானத்தில் அதுவும் ஒரு செலவு. வெளிநாட்டு நாய் வளர்க்கும் வசதி அவருக்கு இல்லைதான். ஆனால் வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். பகல் முழுக்க அந்த அம்மா காலடியில்தான் நாய் படுத்திருக்கிறதாம்.

"இப்போல்லாம் ரோட்டப் பாக்கறதில்ல சார்" என்றார்.

அந்த நாய்க்கு வேண்டியிருந்தது ஒரு ஆள். அவ்வளவுதான்!