ஆற்றுணா

நெடுவழி செல்வோர் இடைவழியில் உண்பதற்கெனக் கட்டிக்கொண்டு போகும் உணவினை நம் முன்னோர் ‘ஆற்றுணா’ என்றனர். ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. கற்றவர்க்கு எந்நாடும் அயல்நாடன்று. ஆதலின் அவர்க்கு ஆற்றுணா வேண்டா என்பது பழமொழி நானூற்றின் ஆசிரியர் முன்றுறை அரையனாரின் கருத்து. இதனை யான் முப்பது ஆண்டுகட்கு மேலாக வகுப்பறையில் விரித்துரைத்தவன். ஆயினும், என் இளைய மகள் தன் கணவருடன் அமெரிக்காவிற் குடியேறப் புறப்பட்ட நாளில், இராசிபுரத்து வீட்டுக் கூடத்தில் நான்கு பெட்டிகள் வாய்திறந்து கிடப்பதைக் கண்டபோது, அரையனார்க்கு மகள் இருந்திலள் போலும் என்றே எண்ணினேன்.

விமான நிறுவனங்கள் பலவும் ஒரு பெட்டிக்கு 23 கிலோகிராம் என எல்லை வகுத்துள்ளன. தாயன்பிற்கோ அத்தகைய எல்லை இல்லை. பிலிக்கல்பாளையத்து வெல்லம், கொல்லிமலை மிளகு, ஊறுகாய்ச் சாடி, கேழ்வரகு மாவு, அரப்புத்தூள், கொப்பரை, பொன்னி அரிசி எனப் பெட்டிகள் நிறைந்துகொண்டே வந்தன. “இவை யாவும் அங்கே கடையிற் கிடைக்கும் என்கிறார்களே” என்றேன். “கிடைக்குமென்றால் அவள் ஏன் கேட்கிறாள்?” என்றார் என் மனைவியார். விடை சொல்ல இயலாத வினா அது.

எனினும், எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்பதை அன்பு ஒன்றே முடிவு செய்தல் ஆகாது. முதலில், செல்லும் நாட்டின் சட்டம் அறிதல் வேண்டும். பயணிகள் தம் தேவைக்கெனக் கொணரும் இந்திய அரிசியை அமெரிக்கா 2011ஆம் ஆண்டு முதல் தடுத்துள்ளது. காரணம் கப்ரா வண்டு என்னும் சிற்றுயிர். அதன் புழு உணவின்றியும் நெடுங்காலம் உயிர்தாங்கி ஒளிந்திருந்து, பின்னர்த் தானியக் களஞ்சியங்களைப் பாழாக்க வல்லது. குருமாவிற்கு நாம் அரைத்திடும் கசகசா, அபினிச் செடியின் வித்தாதலின், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் தடை செய்யப்பட்ட பொருள். அறியாமல் எடுத்துச் சென்று அல்லலுற்றோர் உளர். எண்ணெய்ப் பசை மிக்க கொப்பரையோ தீப்பற்றும் இயல்பினதாகலின் விமானத்தில் ஏற்பதற்கில்லை. எனவே அரிசியும் கொப்பரையும் பெட்டியினின்றும் இறங்கின. ஊறுகாய்ச் சாடியை யானே இறக்கினேன். எங்கள் தெருவில் ஒருவர் மகனுக்கு அனுப்பிய சாடி வழியில் உடைந்து, அவன் புதுச்சட்டைகள் யாவும் எலுமிச்சை மணத்தோடு கரையேறின.

இவ்விடத்தே பழையதொரு பயணத்தை நினைவு கூர்தல் தகும். நூறு, நூற்றைம்பது ஆண்டுகட்கு முன், மழை பொய்த்த காலங்களில், சேலம், நாமக்கல், ஆத்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் பலர் கங்காணிமார் பின்னே இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றனர். அவர்கள் கையில் இருந்தது ஒரு மூட்டை. மூட்டையிற் கட்டிய சோறு கடற்கரை எட்டுமுன் தீர்ந்திருக்கும். இலங்கைத் தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசிக்கும் கூலியிற் பிடித்தம் செய்தனர். அங்ஙனமிருந்தும் மலேயாத் தோட்டங்களில் அவர்தம் குடியிருப்பு வரிசைகளின் பின்புறத்தே முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்தன. அம்மி ஒலி கேட்டது.

இன்னும் வியப்பிற்குரியது, இந்துமாக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவாகிய ரீயூனியன். அங்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களிற் பலர் தமிழ் பேசுதலை மறந்தனர். ஆயினும் அத்தீவினர் இன்றும் கறிவேப்பிலையைக் ‘கலுபிலே’ என்றும், முருங்கைக் கீரையை ‘மூரும்’ என்றும் வழங்குகின்றனர். இலக்கணம் போயிற்று, கீரையின் பெயர் போகவில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு இது சற்று நாணம் தருவதே.

இதனால் யான் கொண்ட துணிபு இது: கொண்டு செல்லத்தக்கவற்றுள் தலையாயது சமைத்த பண்டமன்று, சமைக்கும் திறமே. இராசிபுரத்து நெய் பெயர்பெற்றது. ஆயினும் வெண்ணெய் எந்நாட்டிலும் உண்டு. அதனை உருக்கும் பதமும், இறக்குமுன் முருங்கையிலை இடும் வழக்கமும் அறிந்தவளுக்கு நெய்ப்பாத்திரம் சுமையே. மாறாக, மாவு கட்டிபடாமற் களி கிண்டும் மரத்துடுப்பு எளிதிற் கிடையாது, எடையும் குறைவு. ஐந்தறைப் பெட்டியையும் கொள்ளலாம். நாமக்கல் பக்கத்து மாக்கற்சட்டி புளிக்குழம்பை நெடுநேரம் சூடாறாமற் காப்பது உண்மையே. ஆனால் அதன் எடை அச்சுறுத்தும். தவறி விழுந்தால் உடையும். யான் அதனை வேண்டா என்றேன். மகள் தன் புடவைகளிற் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

‘நம் ஊர்ப் பண்டம்’ என்று நாம் போற்றுவனவும் ஒருகாலத்தே வந்தேறியவையே. சேலத்து ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி தென்அமெரிக்கச் செடி. இரண்டாம் உலகப் போரினால் கீழ்நாட்டுப் பனைவகை ஜவ்வரிசியின் வரவு நின்றமையால், 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினர். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததே. என் மகளின் பெட்டியில் அது தன் பிறந்தகம் திரும்பிற்று எனலாம்.

புறப்படுதற்கு முன்னாள் இரவு, இரசப்பொடியின் அளவினை எழுதித் தரும்படி மகள் கேட்டாள். என் மனைவியார்க்கு அளவு தெரியவில்லை, கை தெரியும். “மல்லி இவ்வளவு, மிளகு இவ்வளவு” என்று அவர் கையால் அள்ள அள்ள, பெட்டி நிறுக்க வாங்கிய தராசு சிற்றெடை காட்டாமையின், அண்டை வீட்டாரின் சமையல் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் யான் எழுதினேன். நாற்பது ஆண்டுகள் அவர் கையால் உண்டும், மிளகு எவ்வளவு என்பதை அன்றுதான் அறிந்தேன். களிக்கு நீர் கொதிக்கும் பதம், கொள்ளு வேகும் நேரம், வடாத்திற்குக் கூழ் இறக்கும் நிலை எனத் தாள்கள் ஒன்பதாயின. அவற்றை மகள் தன் கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்தாள்.

அரிசி இறங்கிய இடத்தில் தொல்காப்பிய உரை ஒன்றினை யான் வைத்திருந்தேன். விடியற்காலையில் நோக்கியபோது அந்நூல் திண்ணையில் இருந்தது; பெட்டியில் அவ்விடத்தே இரண்டு கட்டு ஜவ்வரிசி வடாம் இருந்தது. யான் ஒன்றும் கூறவில்லை.