கார் இன்சூரன்ஸுக்கு எதற்குக் கடன் கணக்கு?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,



மும்பை செம்பூரில் வாகனக் காப்பீட்டு முகவராகத் தொழில் செய்கிறவன் நான். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று இந்த வட்டாரத்துத் தமிழர்களின் வண்டிகளுக்கு வருடா வருடம் பாலிசி புதுப்பித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குச் சென்ற முறை புதுப்பிக்க உட்கார்ந்தபோது, ஒரு நிறுவனத்தின் செயலி வண்டி எண்ணோடும் கைபேசி எண்ணோடும் பான் எண்ணையும் கேட்டது. அதன் கீழே ஏற்கெனவே டிக் போட்டு வைத்த ஒரு சின்னக் கட்டம். கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து என் விவரங்களைப் பெறச் சம்மதிக்கிறேன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்துச் சொன்னதும் அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, நான் லோனா கேக்கேன்? வண்டிக்கு இன்சூரன்ஸ்தானே கேக்கேன். அதுக்கு எதுக்கு என் சிபிலைப் பாக்கான்?"

சிபில் என்று அவர் சொன்னது தன் கடன் ஸ்கோரை. கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை முதலில் பார்த்துவிடுகிறேன். பாலிசி கேட்பவர் அவர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும், பொய்ப் பெயரில் எடுத்து மோசடி கிளெய்ம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், இருக்கிறார்கள். ஆனால் அதற்காகத்தானே 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பாலிசிகளுக்கும் கேஒய்சியைத் தங்கள் ஆணையமே கட்டாயமாக்கியது? ஆளை அடையாளம் காண, அவர் கிரெடிட் கார்டில் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது தவணை. பிரிட்டனில் கார் இன்சூரன்ஸை மாதாமாதம் கட்டுகிறவர்கள் ஏராளம். அங்கே வருடப் பிரீமியத்தை நிறுவனம் கடனாகக் கொடுத்து மாதாமாதம் வசூலிக்கிறது என்பதுதான் அதன் பொருள். கடன் கொடுக்கிறவர் கடன் கணக்கைப் பார்க்கட்டும், தப்பில்லை. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1938-ம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் எந்த நிறுவனமும் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது. கார்டில் இஎம்ஐ போட்டுக் கட்டினாலும் கடன் கொடுப்பது வங்கி. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் மொத்தமாகப் போய்விடுகிறது. முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு நிற்கிற மனிதரிடம் நீ ஒழுங்காகக் கடன் கட்டுகிறவனா என்று கேட்பது என்ன முறை?

மிச்சமிருப்பதுதான் உண்மையான காரணம். கடனைச் சரியாகக் கட்டாதவர்கள் வாகனக் காப்பீட்டில் அதிகமாகக் கிளெய்ம் போடுகிறார்கள் என்று அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. 1990-களின் தொடக்கத்திலிருந்தே அங்கே காப்பீட்டுக்கென்று தனிக் கடன் ஸ்கோர் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2007 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, இந்த ஸ்கோர் கிளெய்ம் அபாயத்தைக் கணிக்க உதவுகிறது என்று ஒப்புக்கொண்டது. கறுப்பின மக்களும் ஹிஸ்பானிய மக்களும் குறைந்த ஸ்கோர்களில் அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்துக்கு மேல் குவிந்திருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. கடனுக்கும் கிளெய்முக்கும் ஏன் இந்தத் தொடர்பு என்பதை மட்டும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் எல்லா மாநிலமும் இதை ஏற்றுக்கொண்டுவிடவுமில்லை. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்களில் கார் இன்சூரன்ஸ் விலைக்குக் கடன் கணக்கைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியாவில் 1988-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம், வண்டி ஓட்டுவதில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, வருடத்தில் ஓட்டும் தூரம், ஓட்டிய வருடங்கள், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது.

இங்கே கதவு திறந்தே கிடக்கிறது. 2005-ம் வருடக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி 2006-ல் வகுத்த விதிமுறைகளில், கடன் தகவல் பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் காப்பீட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய். பணக்காரர்களின் மலபார் ஹில்லில் இருந்தாலும் தாராவியில் இருந்தாலும் அதே தொகைதான். ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியின் விலையை 2007 முதல் நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. 2022-ல் தங்கள் ஆணையம், பெரும்பாலான பொதுக் காப்பீட்டுத் திட்டங்களை முன் அனுமதி இல்லாமல் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு தாக்கல் செய்யலாம் என்றும் வழிவிட்டது. ஆக, கடன் ஸ்கோரை வைத்து விலை போடும் ஒரு கணக்கு எங்கள் வாடிக்கையாளர் மேல் பாய்ந்த பிறகுதான் தங்கள் மேசைக்கே வந்து சேரும்.

இப்போது அந்தப் பை தைக்கிறவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலத்தில் தோல் வேலைக்கு வந்த குடும்பம். வங்கியில் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை; கேட்டுப் பார்க்காமல் இல்லை. முகவரியைப் பார்த்ததுமே நெகட்டிவ் ஏரியா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாராவிக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல் அது. அதனால் எல்லாம் சீட்டுதான், இந்த ஊர்க்காரர்கள் பிசி என்று சொல்வது. இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டு. மாதப் பிறப்பில் ஒருவர் வீட்டில் கூடுவார்கள், யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தள்ளு கேட்பார்கள், எடுத்தவர் கடைசி மாதம் வரை தவறாமல் கட்டியாக வேண்டும். தவறினால் மறுநாள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு, பட்டறைக்குத் தையல் மிஷின் வாங்க, கடைசியில் இந்தப் பழைய வேகன்ஆரை வாங்க என்று எல்லாமே அவர் சீட்டு எடுத்துச் செய்ததுதான். ஒரு மாதம்கூடத் தவணை தப்பியதில்லை. 300-லிருந்து 900 வரை எண் போடுகிற எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் கணக்கிலும் இந்த நாணயத்துக்கு ஓர் எண் கிடையாது. அவர் அறிக்கையில் வருவது மைனஸ் ஒன்று. கடன் வரலாறு இல்லை என்பது அதன் அர்த்தம். விலை போடும் கணினி அந்த மைனஸ் ஒன்றை எப்படிப் படிக்கப் போகிறது என்பதுதான் என் கவலை.

வரலாறு இருக்கிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. தமிழர்கள் நாங்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறவர்கள். மும்பையில் எந்தப் படிவமும் சர்நேம் கேட்கும். வண்டிப் பதிவுச் சான்றான ஆர்சியில் எம். முருகன், பானில் முருகன் மாடசாமி, வங்கிக் கணக்கில் மாடசாமி முருகன் என்று ஒரே ஆள் மூன்றாகிவிடுவார். இதே பெயர்கள் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். என்னிடம் வந்த ஒருவரின் கடன் அறிக்கையில், அவர் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பைக்கின் கடன் பாக்கி ஏறி இருந்தது. புகாரை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் முதல் விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பாலிசி நாளை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிகிறது என்றால் முப்பது நாள் யாரால் பொறுக்க முடியும்? முடிந்த பாலிசியைத் தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் பல வருடம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அதனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கொரோனாவையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது டூரிஸ்ட் வண்டி வைத்திருந்தவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றுபோனது. ஆகஸ்ட் 31 வரை ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் சவாரி திரும்பிவிடவில்லை, தவணை திரும்பிவிட்டது. பலர் வங்கியோடு பேசிக் கிடைத்த தொகைக்குக் கணக்கை முடித்தார்கள். அப்படி முடித்த கணக்கு கடன் அறிக்கையில் செட்டில்ட் என்று பதிவாகும். கடன் முழுதாக அடையவில்லை என்று அதற்குப் பொருள், ஸ்கோர் விழும். மும்பையின் தெருக்களில் அதுவரை ஒரு கீறல் படாமல் ஓட்டியவர்கள் அவர்கள். ஊரே முடங்கிக் கிடந்த மாதங்களில் அவர்களுடைய ஸ்டியரிங் பிடித்த கை கெட்டுப்போய்விட்டதா?

எங்கள் வட்டாரத்தில் கார்களுக்குச் சேதம் எதனால் வருகிறது என்று என்னைக் கேட்டால் மழையால் என்பேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அவ்வளவு வேண்டாம், சாதாரணமாக ஒரு நாள் விடாமல் அடித்தாலே மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோகும். பதற்றத்தில் மறுபடியும் சாவியைத் திருப்புவார்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ராடு வளைந்துவிடும், எஞ்சின் காலி. எஞ்சின் புரொடக்ஷன் என்ற தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் கிளெய்மில் வராது. அந்தத் தண்ணீர் எண்ணூறு ஸ்கோர்காரர் வண்டியை விட்டுவிட்டு ஐந்நூறு ஸ்கோர்காரர் வண்டிக்குள் மட்டும் புகுவதில்லை.

விலை ஏறினால் என்ன நடக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். வண்டிக் கடன் இருந்தால் பைனான்ஸ்காரர் முழுப் பாலிசி கேட்பார், வேறு வழியில்லை. கடன் இல்லாத பழைய வண்டி என்றால், சட்டத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும், அதை மட்டும் போடுங்கள் என்பார்கள். அப்புறம் ஒரு ஜூலை மழையில் எஞ்சின் போகும். கைமாற்றோ வட்டிக்கோ வாங்கிச் சரிசெய்வார்கள், அல்லது வந்த விலைக்கு விற்பார்கள். கடன் கணக்கைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றுவது அவர்களை மறுபடி கடனுக்குள்தான் தள்ளும்.

வண்டி ஓட்டுவதை அளக்க வேறு வழியே இல்லை என்றால் நானே வாயை மூடிக்கொள்வேன். வழிகளைத் தங்கள் ஆணையமே காட்டியிருக்கிறது. போக்குவரத்து விதிமீறல்களைப் பிரீமியத்தோடு இணைப்பது பற்றி ஆராய 2019-ல் தாங்கள் அமைத்த குழுவின் பரிந்துரை 2021 ஜனவரியில் வெளிவந்தது. ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ற பிரீமியத்துக்கு 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தீர்கள். மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் மட்டும் வண்டி எடுக்கிற பெரியவர்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. பழைய கிளெய்ம் விவரம் ஹைதராபாத்தில் தங்கள் காப்பீட்டுத் தகவல் மையத்தில் இருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியவரின் ஈ-செலான் அரசின் கணினியில் இருக்கிறது. இத்தனையும் கையில் இருக்க, வீட்டுக் கடன் தவணையைத் தோண்டுவானேன்?

ஆகவே நான் கேட்பது, மோட்டார் காப்பீட்டின் விலையில் கடன் ஸ்கோர் சேரக் கூடாது என்று தாங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதே. அது உடனே முடியாதென்றால், இடைக்காலத்திலாவது, கடன் வரலாறு இல்லாதவருக்கு அந்தக் காரணத்துக்காக ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்கக் கூடாது. கடன் அறிக்கையைப் பார்க்கும் சம்மதத்தைத் தனியாக, டிக் போடாத கட்டத்தில், வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் கேட்க வேண்டும். மறுத்தாலும் பாலிசி கிடைக்க வேண்டும். ஸ்கோரால் விலை கூடியிருந்தால் எவ்வளவு கூடியது, எந்தப் பதிவால் கூடியது என்று கோட்டேஷனிலேயே எழுத வேண்டும். அப்போதுதான் தன் பெயரில் இன்னொருவரின் பைக் கடன் ஏறியிருப்பது அவருக்குத் தெரியவரும். பதிவு தவறென்று பின்னால் தெரிந்தால் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போதும். இங்கே மழை ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் என்னிடம் முழுப் பாலிசி வேண்டும் என்று வருகிறவர்கள் அதிகம். அந்த மாதங்களுக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
செம்பூர் வாகனக் காப்பீட்டு முகவர் ஒருவர்