சாண்ட்விச்சில் வைக்கும் இறைச்சியில் எவ்வளவு உப்பு? ‘குறைந்த சோடியம்’ என்றால் என்ன?

காலை எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். இட்லி ஊற்ற நேரமில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கும் சலாமியில் நாலு துண்டு, ரெண்டு பிரெட், ஒரு சீஸ் ஸ்லைஸ், கொஞ்சம் சாஸ். டிபன் ரெடி. அகரம், தாடிக்கொம்பு பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இப்போது இது பழகிப்போன காலை உணவு. எண்ணெய் இல்லை, சிக்கனில் புரோட்டீன் இருக்கு, அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை உப்பில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போதும்?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் இருக்கும் சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். ஆனால், இந்தியர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுவதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம்.

இதன் விளைவு ரத்த அழுத்தம். தமிழக அரசின் 2020 ஸ்டெப்ஸ் ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. இது வலி, காய்ச்சல் மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை. முப்பது வயதில் பிபி செக் பண்ணிப் பார்க்காதவர்களுக்கு இருப்பதே தெரியாது.

ஒரு சாண்ட்விச்சில் எவ்வளவு சேருது?

தோராயக் கணக்கு இது. பிராண்டுக்கு பிராண்ட் மாறும்.

- பிரெட் 2 துண்டு: 270 மி.கி. சோடியம்
- சலாமி அல்லது ஹாம் 50 கிராம்: 500 மி.கி.
- சீஸ் ஸ்லைஸ் 1: 260 மி.கி.
- தக்காளி சாஸ் 1 டேபிள்ஸ்பூன்: 140 மி.கி.

மொத்தம் 1,170 மி.கி. ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல் காலையிலேயே முடிந்துவிடுகிறது. மதியம் குழம்பு, ரசம், ஊறுகாய் இன்னும் பாக்கி.

இறைச்சியில் ஏன் இவ்வளவு உப்பு?

கறிக்கடையில் வாங்கும் பச்சைக் கோழிக்கறியில் 100 கிராமுக்கு 50 முதல் 75 மி.கி. சோடியம்தான் இயற்கையாக இருக்கும். ஆட்டுக்கறியிலும் பெரிய வித்தியாசமில்லை. அதே கோழி சலாமியாக மாறும்போது 1,000 மி.கி. வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் போகிறது.

சுவை மட்டும் காரணமில்லை. அரைத்த கறி ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கவும், தண்ணீரை உள்ளே நிறுத்திக்கொள்ளவும், சீக்கிரம் கெடாமல் இருக்கவும் உப்பு தேவை. நம்ம ஊர் உப்புக்கண்டத்தின் லாஜிக்கும் இதுதான். போதாக்குறைக்கு சோடியம் நைட்ரைட் (250), சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் (451), எம்எஸ்ஜி (621) என்று சேர்மானங்கள் வழியாகவும் சோடியம் வருகிறது. ‘எம்எஸ்ஜி இல்லை’ என்று போட்டிருந்தால் உப்பு குறைவு என்று அர்த்தமில்லை.

பாக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்புங்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் அளவைத் தருவதை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2020 லேபிள் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

இரண்டு வார்த்தைகளில் குழப்பம் வரும். ‘குறைந்த சோடியம்’ என்று போட, 100 கிராமில் 120 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கக் கூடாது. ‘குறைக்கப்பட்ட சோடியம்’ என்பது வேறு. ஒப்பிடும் பொருளைவிட 25 சதவீதம் குறைந்திருந்தாலே அப்படிப் போடலாம். 1,000 மி.கி. இருந்தது 750 ஆனாலும் அது ‘குறைக்கப்பட்டது’தான். ஆனால் குறைவானது இல்லை.

பேக்கரியில் வாங்கும் சாண்ட்விச்சுக்கு இந்த அட்டவணையும் கிடையாது. பெரிய செயின் கடைகள் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. சோடியத்தை மெனுவில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

முன்பக்க எச்சரிக்கை என்ன ஆச்சு?

உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமா என்பதை முன்பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல வருடங்களாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ வரைவு விதி ஒன்றை வெளியிட்டு நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. நட்சத்திரம் பாராட்டு மாதிரி தெரியும், எச்சரிக்கைதான் வேண்டும் என்று நுகர்வோர் தரப்பு எதிர்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரலில், மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை தர வேண்டும் என்று நிபுணர் குழுவுக்கு நீதிமன்றம் கெடு விதித்தது.

அமெரிக்காவில் இன்னொரு வழி. 2021 அக்டோபரில் அங்குள்ள எஃப்டிஏ, 163 உணவு வகைகளுக்கு சோடியம் இலக்குகளை வைத்தது. கட்டாயமில்லை, தன்னார்வ இலக்குதான். ஆனால் உப்பு குறைத்த ஹாம், வான்கோழித் துண்டுகளை அங்கே கடையில் கேட்டு வாங்க முடிகிறது.

அப்போ இங்கே என்ன வழி?

வழி கறிக்கடையில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தை கூடும் மாவட்டம் இது. பச்சைக்கறிக்குப் பஞ்சமில்லை.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோ வாங்குங்கள். இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் உப்பு போட்டு ஊறவைத்து, மூடி வேகவைத்து, ஆறியதும் மெல்லிசாக நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு ஓடும். வெந்ததும் எடை குறையும். அதையும் கணக்கில் எடுத்தால் 50 கிராமுக்குச் சுமார் 175 மி.கி. சோடியம். சீஸ், சாஸுக்குப் பதில் உப்பு போடாத புதினா சட்னி, வெங்காயம், வெள்ளரி வைத்தால் முழு சாண்ட்விச்சும் 450 மி.கி.க்குள் அடங்கும். நேரமே இல்லையா? அவித்த முட்டை ஒன்றில் 70 மி.கி. அளவுதான்.

ஃப்ரோசன் சிக்கன் வாங்கினால் சேர்மானப் பட்டியலில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மசாலா தடவியதில் கட்டாயம் இருக்கும்.

பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பை எல்லோரும் பயன்படுத்த முடியாது. 2025 ஜனவரியில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறுவது நல்லது.

சலாமியை அடியோடு விட வேண்டியதில்லை. தினமும் என்பது மாதத்துக்கு இரண்டு தடவை என்று மாறினாலே கணக்கு மாறிவிடும். முதல் வாரம் நாக்கு சப்பென்று சொல்லும். சில வாரங்களில் பழகிவிடும்.