கடிக்கிற கிளியும் சுண்டுகிற மனுஷனும்

கிளிக்குஞ்சு கடிக்கிறதா? மூக்கில் ஒரு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும். யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற அறிவுரை இதுதான். வாங்கின கடையில் சொல்வார்கள், மாடி வீட்டு மாமா சொல்வார், ஜென்மத்தில் கிளியே வளர்க்காத நம் வகுப்புத் தோழனும் சொல்வான். இதைவிட மடத்தனமான யோசனை கிடையாது என்று அடித்துச் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம் :-)

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பேசுவது காக்டீல், நம்மூரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று தப்பாகக் கூப்பிடுகிற பட்ஜி மாதிரி வெளிநாட்டு இனங்களைப் பற்றி. நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பழக்குவது எப்படி என்று கேட்டால் என் பதில், வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்பதுதான். (சிறகு வெட்டின கிளியைச் சும்மா திறந்துவிட்டால் பூனைக்குத்தான் லாபம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். கிளிக்குக் கை கிடையாது, அலகுதான் கை. ஏற, பிடிக்க, விதை உடைக்க, ஒரு பொருள் என்னவென்று தொட்டுப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். குஞ்சுக்கோ உலகமே புதுசு. கைக்குழந்தைகூடத்தான் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. அதன் வாயில் யாராவது சுண்டுகிறார்களா?

நடப்பதைப் பாருங்கள். விரலை நீட்டுகிறீர்கள். இந்தக் கிளை நம்மைத் தாங்குமா என்று குஞ்சு அலகால் மெல்லப் பிடித்துப் பார்க்கிறது. "ஐயோ கடிக்குது" என்று நீங்கள் கையை இழுக்கிறீர்கள். அது தடுமாறுகிறது. அடுத்த முறை கை வரும்போது இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. ஆடுகிற கிளையை யார் நம்புவார்கள்? நாலு நாள் இப்படிப் போனால், அலகைக் காட்டினால் கை ஓடிவிடும் என்று அது கணக்குப் போட்டுவிடும். வணிகவியல் படிக்கிறவனுக்கு இது புரியாவிட்டால் எப்படி? எதற்கு ஊக்கத்தொகை கொடுக்கிறோமோ அதுதானே பெருகும். போனஸ் கொடுப்பது நாம், பழி மட்டும் கிளி மேல்.

சுண்டுகிறவர்கள், அலகு என்றால் வெட்டிப்போடுகிற நகம் மாதிரி உணர்ச்சியில்லாத பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலேதான் உறை. உள்ளே எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் இருக்கிறது. வலிக்கும். வலித்த குஞ்சு "கடிக்கக் கூடாது" என்று கற்றுக்கொள்வதில்லை, "கை வந்தால் வலி வரும்" என்றுதான் கற்றுக்கொள்கிறது. பயந்துபோன கிளி கடிக்காமல் வேறென்ன செய்யும்?

விரலில் மிளகாய்த்தூள் தடவச் சொல்கிற மேதாவிகளும் உண்டு. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது ஐயா! கிளி மிளகாய்ப்பழத்தை ருசித்துத் தின்பதைப் பார்த்ததே இல்லையா? அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டு அழப்போவது நீங்கள்தான்.

கடிப்பதற்கு முன்பே கிளி எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறது. காக்டீலின் கொண்டை தலையோடு படிந்துவிடும், உடம்பு பின்னால் சாயும், சீறும். இத்தனைக்குப் பிறகும் கையை நீட்டுவது யார் தப்பு? அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் ஆராய்ச்சிக்கு வளர்த்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி (2007-இல் இறந்துபோனது) பாடம் அலுத்துவிட்டால், திரும்பப் போகணும் என்று வாயைத் திறந்தே கேட்கும். உங்கள் வீட்டுக் குஞ்சுக்கு அந்த இங்கிலீஷ் வராது. அதற்குத் தெரிந்த பாஷை கொண்டைதான்.

உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. ரொம்ப போர் அடிக்கும், அதனால்தான் யாரும் செய்வதில்லை. கிளி நிதானமாக இருக்கிற நேரத்தில் கையைக் கூண்டருகே சும்மா வைத்திருங்கள். மிரளாமல் இருந்தால் கொஞ்சம் தினை. (வள்ளி தினைப்புனத்தில் விரட்டியது யாரை என்று தெரியும்தானே?) சில நாள் கழித்து, விரலைக் காலுக்குச் சற்று மேலே, மார்பின் அடிப்பக்கம் கிளைபோல அசையாமல் வையுங்கள். ஏறினால் மறுபடி தினை. கொண்டை படிந்தால், கடிக்கும் முன்பே கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்துவிட்டால் அது ஏன் கடிக்கப்போகிறது? மீறிக் கடித்தாலும் கத்தாதீர்கள், உதறாதீர்கள். நீங்கள் போடுகிற கூச்சல் அதற்கு நல்ல வேடிக்கை. கடிக்க ஒரு மரத்துண்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு வேளைக்கு 5 நிமிஷம், தினமும் இரண்டு வேளை போதும்.

"இதுக்கெல்லாம் யாருக்குப்பா நேரம் இருக்கு?" என்று கேட்பார்கள், தெரியும். காக்டீல் 15 வருஷத்துக்கு மேலேயும் வாழக்கூடிய பிராணி. அதற்கு ஒரு நாளைக்கு 10 நிமிஷம் ஒதுக்க முடியாதவர்கள் தாராளமாகப் பொம்மைக் கிளி வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி போட்டால் பேசும், கடிக்கவும் கடிக்காது.