சென்னை பஸ்ஸில் ஒரு வெளியூர்க்காரர்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடி ரேட் பேசிக்குங்க" என்பதுதான். பஸ்ஸில் போங்கள், ரயிலில் போங்கள் என்று சொல்கிறவர் குறைவு. இத்தனைக்கும் இங்கே வண்டிக்குப் பஞ்சமில்லை. பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே ஓட ஆரம்பித்தது. பறக்கும் ரயில் 1995இல் வந்தது, மெட்ரோ 2015இல் வந்தது. எந்த வண்டி எங்கே போகிறது என்பதை எழுதி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஏற்கனவே வழி தெரிந்தவர்களுக்காக மட்டுமே நடக்கிற போக்குவரத்து இது.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மெரினா பார்க்க வந்த ஒருவர் ரயில்வே மேப்பில் 'சென்னை கடற்கரை' என்று ஒரு ஸ்டேஷனைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சந்தோஷமாக அங்கே போய் இறங்குவார். எதிரே துறைமுகம் இருக்கும், கன்டெய்னர் லாரிகள் போகும். மணல் மட்டும் இருக்காது! மெரினாவுக்குப் போக, அங்கிருந்து பறக்கும் ரயிலில் ஏறி சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கிக் கிழக்கே நடக்க வேண்டும். இது சென்னையில் வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலேயே யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

சென்ட்ரல் பக்கம் இன்னும் வேடிக்கை. வெளியூர் ரயில்கள் நிற்பது சென்ட்ரல். அதை ஒட்டி மூர் மார்க்கெட் வளாகம், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல்கள் அங்கே. ரோட்டைத் தாண்டினால் தாம்பரம் போகிற லோக்கலுக்கு 'சென்னை பூங்கா'. பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கு 'பூங்கா நகர்'. பூங்கா வேறு, பூங்கா நகர் வேறு. பூமிக்கு அடியில் மெட்ரோ தனி. நடந்து போகிற தூரத்தில் இத்தனை ஸ்டேஷன்கள் இருப்பது உண்மையில் பெரிய வசதி. வேறு ஊராக இருந்தால் இதைப் பெருமையாகப் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். போதாததற்கு 2019இல் சென்ட்ரலின் பெயரும் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்று மாறியது. டிக்கெட்டில் ஒரு பெயர், ஜனங்கள் வாயில் ஒரு பெயர்.

பஸ்ஸுக்கு வருவோம். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும். இது எப்படித் தெரியும்? தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு ஒரு அர்த்தம் உண்டு, 'கட் சர்வீஸ்' என்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பதும் உண்டு. ஆனால் பல நிறுத்தங்களில் எந்த நம்பர் நிற்கும் என்ற பட்டியலே கிடையாது. எந்த பஸ் வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவுக்குத் தெரிகிறது, நிறுத்தத்தின் கம்பத்துக்குத் தெரியவில்லை.

ஏறிய பிறகு வேறு பாடங்கள். கண்டக்டர் பல நேரம் தன் சீட்டை விட்டு எழுந்து வரமாட்டார். காசைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால் அது கை மாறி, கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேரை நம்பிப் பணத்தைக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் அசந்து போவார்கள். மியூசியத்தைவிட இதுதான் ஊரைச் சரியாகக் காட்டும். இடது பக்க சீட்கள் பெண்களுக்கு என்பது தெரியாமல் அங்கே உட்கார்ந்து எழுப்பப்படுவதும் அனுபவத்தில் சேரும்.

"கேட்டா சொல்லப்போறாங்க, இதுக்கு எதுக்கு போர்டு?" என்று ஒரு வாதம் வரும். சொல்வார்கள்தான். சென்னைக்காரர்கள் வழி சொல்வதில் கஞ்சத்தனம் பண்ணமாட்டார்கள், சில பேர் பஸ்ஸில் ஏற்றிவிட்டே போவார்கள். ஆனால் கேட்பதற்கு பாஷை வேண்டும், பகல் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். விழுப்புரத்திலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் டூரிஸ்ட் இல்லை. அவருக்கும் இதே கம்பம்தான், இதே குழப்பம்தான். கடைசியில் அவரும் ஆட்டோவில்தான் ஏறுவார். 2013இல் அரசு அறிவித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய். அவரிடம் அந்த ரேட்டை யாராவது கேட்டிருப்பார்களா?

இதெல்லாம் இந்த ஊரில் முடியாத காரியமும் இல்லை. மெட்ரோவைப் பாருங்கள். வாசலில் மேப், வண்டிக்குள் அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு, எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்பது வரை சொல்கிறார்கள். ஏர்போர்ட்டில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல் போய்விடலாம். புதிதாக வருகிறவரை நினைத்துக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. குறை என்னவென்றால், 2019இல் முடிந்த அதன் முதல் கட்டம் மயிலாப்பூரையும் மெரினாவையும் தொடவில்லை. ராத்திரியில் ஓடுவதும் இல்லை. நள்ளிரவு தாண்டி விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு மெட்ரோவும் இல்லை, எதிரே திரிசூலத்தில் லோக்கல் ரயிலும் இல்லை.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். நல்ல விஷயம், ரொம்பத் தாமதமான விஷயமும்கூட. லண்டனில் ஆய்ஸ்டர் கார்டு வந்தது 2003இல். ஆனால் அதே லண்டனில் ஹாரி பெக் வரைந்த சுரங்க ரயில் படம் 1933லேயே வந்துவிட்டது. கார்டுக்கு 70 வருஷம் முன்னால் காகிதம். இங்கே காகிதத்தைத் தாண்டிக் குதித்து நேராக செயலிக்கு வந்திருக்கிறார்கள். செயலிக்கு போன் வேண்டும், சார்ஜ் வேண்டும், டேட்டா வேண்டும், இந்த ஊரில் செல்லுபடியாகிற விதத்தில் பணம் கட்ட வழி வேண்டும். தகர போர்டுக்கு இது எதுவும் வேண்டாம்.

எல்லா நிறுத்தத்திலும் ஒரே நாளில் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சென்ட்ரல், எழும்பூர், மயிலாப்பூர் குளம், திருவான்மியூர் என்று நாலு இடத்தில் ஆரம்பிக்கலாம். பஸ் நம்பர், போய்ச் சேரும் இடம், நடுவில் மூன்று முக்கிய நிறுத்தங்கள், தமிழிலும் இங்கிலீஷிலும். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்தான். அது எந்த இடத்தில் நிற்கும் என்று திருவான்மியூரில் ஒரு அம்புக்குறி போட எத்தனை டப்பா பெயின்ட் ஆகிவிடும்?