இடது கைக்குப் பதிலாக நான்கு பொத்தான்கள்



எங்கள் மாதர் சங்கப் பாடற் குழுவுக்குப் பல வருடங்களாக ஓர்கன் வாசித்து வந்தவர் ஓர் அக்கா. சென்ற வருடம் பாரிசவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் நடையும் மெல்ல மெல்லத் திரும்பின. கை மட்டும் திரும்பவில்லை. மகளிர் தின விழாவுக்கு ஒத்திகை தொடங்கியபோது, "இனி என்னாலை ஏலாது பிள்ளை, வேறை ஆரையும் பாருங்கோ" என்றார். வெளியிலிருந்து ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓர்கனில் வலது கை மெட்டை வாசிக்கும். இடது கை மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி 'கோட்' கொடுக்கும். அந்த வேலையைக் காலிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டவள், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் பெறாமகள். "சின்னம்மா, ஓர்கனுக்குப் பின்னாலை ஐந்து துளை உள்ள வட்டமான சொக்கற் இருக்கோ எண்டு பாருங்கோ" என்றாள். இருந்தது. 'மிடி இன்' என்று எழுதியும் இருந்தது.

மிடி என்பது இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த கண்காட்சி ஒன்றில், இரு வேறு கம்பனிகளின் கருவிகளை இணைத்து இதை முதன்முதலில் காட்டினார்கள். இந்த வயரில் சத்தம் போவதில்லை, கட்டளைதான் போகிறது. எந்தச் சுரம், எவ்வளவு பலம் என்பதெல்லாம் எண்கள். நடு 'சி' கட்டையின் எண் 60. 48, 52, 55 என்ற மூன்றையும் சேர்த்து அனுப்பினால் 'சி மேஜர்' கோட் ஒலிக்கும்.

முதலில் வாங்கவே யோசித்தோம். வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கேட்டறியுங்கள். ஒரு பொத்தான் ஒரே தடவையில் மூன்று சுரங்களை அனுப்புமா? எல்லாம் அனுப்பாது. வட்டச் சொக்கற் உண்டா, யு.எஸ்.பி மட்டும்தானா? யு.எஸ்.பி மட்டும் உள்ளதைப் பழைய ஓர்கனில் நேரே செருக முடியாது. நடுவில் கணினி போன்ற ஒன்று வேண்டும்.

கடைசியில் நாங்களே செய்தோம். ஓர் ஆர்டுயினோ யூனோ பலகை, காலால் அழுத்தும் நான்கு ஆளிகள், ஒரு வட்டச் சொக்கற், 220 ஓம் தடையிகள் இரண்டு. சொக்கற்றின் 4ஆம் முனை ஒரு தடையியூடாக 5 வோல்ற்றுக்கு; 5ஆம் முனை மற்றத் தடையியூடாகப் பலகையின் 'ரி.எக்ஸ்' முனைக்கு, நடுவிலுள்ள 2ஆம் முனை நிலத்தொடுப்புக்கு. ஈயம் ஒட்டியது நான். ஐம்பது வயதில் பழகினேன். விரல் ஒரு தடவைதான் சுட்டது.

முதல் ஒத்திகையில் அக்கா காலை எடுத்த பின்னும் ஓர்கன் நிற்காமல் ஒலித்தது. ஆளியை விடும்போது 'நிறுத்து' என்ற கட்டளையையும் அனுப்ப வேண்டும். நாங்கள் அதை எழுதவில்லை. "நான் நிண்டாலும் இது நிக்காது போலை" என்று அக்கா சிரித்தார். வருத்தம் வந்த பின் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

இன்னொரு பிழையும் விட்டோம். ஆளிகளை நெருக்கமாகப் பூட்டியதால் ஒரு மிதியில் இரண்டு அழுந்தின. அக்காவை இருத்தி, வலது பாதத்தை அளந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பூட்டினோம். பாவிக்கப் போகிறவரை முதலிலேயே கேட்காததுதான் எங்கள் தவறு. தாமே செய்வதில் உள்ள பெரிய நன்மையும் அதுதான்: ஆளுக்கேற்ப அளவை மாற்றலாம், பழுதானால் நாமே திருத்தலாம்.

மார்ச் 8இல் அக்கா மூன்று பாடல்கள் வாசித்தார். ஓர் இடத்தில் கால் பிந்தியது, பாடியவர்கள் சமாளித்தார்கள்.

சகோதரிகளே, ஒருவர் "ஏலாது" என்று ஒதுங்கும்போது உடனே வேறு ஆளைத் தேடாதீர்கள். அவரால் என்ன இயலும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.