மேனுவல் மாயை

போன வாரம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் புதுக் கேமராவோடு வீட்டுக்கு வந்தார். வயது 68. அடுத்த நாய்க் கண்காட்சியில் படம் எடுக்க வேண்டுமாம். "மேனுவல்ல போட்டு எடுத்தாத்தான் படம், ஐ.எஸ்.ஓ. நூறைத் தாண்டவே கூடாதுன்னு வகுப்புல சொல்லிட்டாங்க சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இதே உபதேசத்தை நானும் கேட்டேன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன். மேலேயிருந்து உத்தரவு வந்தால் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. அப்படியே பின்பற்றினேன். என் பேத்தியின் சிப்பிப்பாறை நாய் மணி அன்று கண்காட்சி வளையத்தில் ஓடியது. மேலே ஷாமியானா. ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 5.6. அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் 1/60 நொடிதான் கிடைத்தது. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் பந்தல் கால் பளிச்சென்று இருந்தது. மணி இருந்த இடத்தில் மட்டும் ஒரு பழுப்புத் தீற்றல்.

அடுத்த மார்கழியில் மணி போய்விட்டது. "தாத்தா, மணி ஓடுற படம் ஒண்ணு குடுங்க, ஃபிரேம் போடணும்" என்றாள் பேத்தி. கொடுக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்த படம் ஒன்றைக் கொடுத்தேன். அது உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம்.

கணக்கைப் பாருங்கள். வளையத்தில் நாய் நொடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 1/60 நொடியில் அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கால்கள் இன்னும் அதிகம் நகரும். 1/1000 நொடியில் நகர்வது வெறும் 3 மில்லிமீட்டர். அதே பந்தலில் 1/1000 கிடைக்க ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றினால் போதும். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும். தெரியட்டுமே!

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்த முசியே, எத்தியேன்-ழூல் மரே என்ற உடலியல் அறிஞரைப் பற்றிச் சொல்வார். பறவை எப்படிப் பறக்கிறது என்று பார்க்க அவர் 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். நொடிக்கு 12 படம். ஒவ்வொன்றும் 1/720 நொடி. அசையும் பிராணிக்கு முதலில் வேண்டியது ஷட்டர் வேகம் என்பது அன்றைக்கே தீர்ப்பான வழக்கு. அதற்கு இன்று யார் மேல்முறையீடு செய்கிறார்கள்?

நூறைத் தாண்டாதே என்பது ஃபிலிம் காலத்துப் பயம். ஊட்டியில் செய்த இந்து ஃபிலிமை நம்மில் பலர் போட்டிருப்போம். ஒரு சுருள் மாட்டினால் 36 படத்துக்கும் ஒரே வேகம்தான். இன்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம், காலணா செலவில்லை. பிறகு ஏன் அந்தப் பழைய சுற்றறிக்கை?

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மேலே உள்ள திருகை 'எஸ்' குறியில் வையுங்கள். கேனனில் 'டிவி' என்று இருக்கும், தொலைக்காட்சி என்று மிரள வேண்டாம். மெல்லோட்டத்துக்கு 1/500, பாய்ச்சலுக்கு 1/1000. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 6400 என்று வையுங்கள். அப்பர்ச்சரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் 'ஏ.எஃப்.-சி', கேனனானால் 'சர்வோ'. பொத்தானைப் பாதி அழுத்தியபடி நாயின் கண்ணைத் தொடருங்கள். படம் தொடர்ச்சியாக விழும்படி வையுங்கள், பத்தில் ஒன்று தேறும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய் மிரளும், அதைப் பிடித்து ஓடுகிறவர் நம்மை முறைப்பார். நாயின் கண் உயரத்துக்குத் தாழ்ந்து எடுத்தால்தான் அழகு. நம் முழங்கால் மடங்காது என்பதால் ஒரு முக்காலி கொண்டு போங்கள்.

மேனுவல் கெட்டது என்று சொல்லவில்லை. வெளிச்சம் மாறாத கூடத்தில் அது நல்ல முறைதான். ஆனால் பாதி வெயில், பாதி பந்தல் நிழல் என்று நாய் மாறி மாறி ஓடும்போது, ஒவ்வொரு தடவையும் திருகைத் தேடிக்கொண்டிருந்தால் நாய் எப்போதோ வளையத்தைச் சுற்றி முடித்திருக்கும். பழகியவர்களுக்கே கை தடுமாறும் வேலையை, முதல் நாளே புதியவர் தலையில் கட்டி, "அதில்லாமல் நீ புகைப்படக்காரன் இல்லை" என்பது பாடமா? வெறும் ஜம்பம்.

நண்பரின் கேமராவை அங்கேயே 'எஸ்'ஸுக்குத் திருப்பிக் கொடுத்தேன். "புள்ளி விழுமே சார்?" என்று தயங்கினார்.

விழட்டும் ஐயா. புள்ளி விழுந்த படமாவது ஒன்று இருந்திருந்தால், மணிக்கு நாலு கால் என்றாவது அதில் தெரிந்திருக்கும்.